மனுவில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை: மோர்தானா தூண்டில் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

நம் குடியாத்தம் பக்கத்து மோர்தானா அணைக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமைதோறும் தூண்டில் போடும் தம்பிகளுக்கு,

வணக்கம். போன வாரம் உங்களில் மூன்று பேர் வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, கலெக்டரிடம் கொடுக்கப்போகும் மனுவை என் கையில் வைத்தீர்கள். "பெரியவர் நீங்க முதல்ல போடுங்க, உங்களைப் பார்த்து மத்தவங்க போடுவாங்க" என்றீர்கள். கண்ணாடியைக் காணோம், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது. ஆற அமரப் படித்தாயிற்று. கையெழுத்துப் போடப்போவதில்லை. காரணத்தை உங்கள் மூன்று பேரிடம் மட்டும் சொன்னால் அது கடைவீதி தாண்டுவதற்குள் வேறொன்றாகிவிடும். அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதிவிடுகிறேன்.

மனுவில் கேட்டிருப்பது இதுதான். மோர்தானா அணையில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனின் குஞ்சு விட வேண்டும். அணைக்குக் கீழே கௌண்டின்யா ஆற்றில் ஃப்ளை ஃபிஷிங்குக்கு, அதாவது பொய்ப்பூச்சி கட்டித் தூண்டில் போடுவதற்கு, இடம் ஒதுக்க வேண்டும். அமெரிக்காவில் அணைக்குக் கீழே ஓடும் ஆறுகளில் பத்துக் கிலோ ட்ரவுட் எல்லாம் மாட்டுகிறது, அதைப் பிடிக்க உலகமே வருகிறது. நம்மிடமும் அணை இருக்கிறது, ஆறு இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

அந்தக் கடைசி வரி என்னிடமிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகம். 2018-ல் மகள் வீட்டுக்குப் போய்வந்து, அந்த ஆற்றைப் பற்றி டீக்கடையில் ஆறு மாதம் பேசித் தீர்த்தவன் நான்தான். பேசும்போது சுவையான பாதியை மட்டும் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. மீதிப் பாதி இங்கே.

மகளும் மாப்பிள்ளையும் இருப்பது ஆர்கன்சா மாநிலத்தில், பென்டன்வில். அங்கே ஒரு பெரிய கடைக் கம்பெனியின் தலைமையகம் இருப்பதால் நம்மவர்கள் நிறைய. அங்கிருந்து கிழக்கே மூன்று மணி நேரம் காரில் போனால் காட்டர் என்று சின்ன ஊர். அதை ஒட்டி ஒயிட் ரிவர். அக்டோபர் மாதம், விடியற்காலை. தண்ணீர்மேல் பால் பொங்கின மாதிரி பனிமூட்டம். ஒரு கரையில் சுண்ணாம்புக்கல் பாறை சுவராக நிற்கிறது, மறுகரையில் மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக. நெஞ்சு வரைக்கும் வருகிற ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். அதையும் மீறிக் குளிர் எலும்பில் ஏறியது.

கூட வந்த வழிகாட்டி முதலில் தூண்டிலைத் தொடவே விடவில்லை. குனிந்து ஒரு கல்லைப் புரட்டி என் உள்ளங்கையில் வைத்தார். கல்லின் அடியில் சாம்பல் நிறத்தில் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாகப் பூச்சிகள் ஊர்ந்தன. அந்த ஆற்றில் ட்ரவுட்டுக்கு அதுதான் சோறு. அப்புறம் டப்பாவைத் திறந்து, அதே நிறத்தில், அதே அளவில், ரோமத்தையும் நூலையும் கொண்டு முள்ளில் கட்டிய ஒரு பொய்ப்பூச்சியை எடுத்துக் காட்டினார். அதுதான் ஃப்ளை. நம் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் பூச்சிக்குக் கனமே இல்லை. தடித்த நரம்பின் கனத்தில் அது பறக்கிறது. விழுந்த பிறகு ஆற்றின் போக்கிலேயே, இழுபடாமல், கயிறு கட்டாத பூச்சி மாதிரி மிதந்து வர வேண்டும். ஒரு விரற்கடை இழுபட்டாலும் ட்ரவுட் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். என் முதல் இரண்டு மணி நேரம் பின்னால் இருந்த புதரில் சிக்கின நரம்பை எடுப்பதிலேயே போனது.

இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். இந்தப் பொய்ப்பூச்சி கட்டச் சேவலின் கழுத்து இறகு வேண்டும். வெளிநாட்டுக் கடைகளில் இந்தியச் சேவலின் கழுத்துத் தோல் என்றே ஒரு வகை விற்கிறார்கள். நம் ஊரில் கறிக்கடை வாசலில் கூட்டித் தள்ளுகிற சமாச்சாரம்.

பதினோரு மணிக்கு ஒன்று மாட்டியது. பிரவுன் ட்ரவுட். வெண்ணெய் நிற வயிறு, பக்கவாட்டில் சிவப்புப் பொட்டுகள், ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் வெளிர்நீல வளையம். வலைக்குள் வைத்தே அளந்தார்கள்: 22 அங்குலம். எனக்குக் குழம்பு வாசனையே வந்துவிட்டது. வழிகாட்டி தலையை ஆட்டினார். அந்த ஆற்றில் அப்போது இருந்த விதிப்படி பிரவுன் ட்ரவுட் 24 அங்குலம் இருந்தால்தான் எடுக்கலாம், அதுவும் நாளைக்கு ஒன்று. கையை நனைத்துக்கொள்ளச் சொன்னார். வறண்ட கையால் பிடித்தால் மீன் உடம்பின் வழவழப்பு போய்ப் புண் வருமாம். போட்டோவுக்குப் பத்து வினாடி. பிறகு தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்தபடி தண்ணீருக்குள் வைத்திருந்தார். செவுள் இரண்டு மூன்று தடவை திறந்து மூடியது, வால் ஒருமுறை அடித்தது, போய்விட்டது. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வரும் வழியில் கடையில் சிக்கன் வாங்கிக்கொண்டு போனோம்.

இத்தனையும் டீக்கடையில் சொல்லியிருக்கிறேன். சொல்லாதது இனிமேல்.

அந்த ஆறு ஏன் குளிர்ந்திருக்கிறது? மேலே புல் ஷோல்ஸ் என்று ஓர் அணை. 1947-ல் தொடங்கி 1951-ல் கட்டி முடித்தது. அடுத்த வருடம் அதிபர் ட்ரூமன் வந்து திறந்துவைத்தார். உயரம் 256 அடி. நம் கணக்கில் கிட்டத்தட்ட 78 மீட்டர். கோடையில் விவசாயக் கிணற்றில் குதித்து நீச்சல் கற்றவர்களுக்கு இது புரியும்: மேலே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், காலை நீட்டினால் கட்டைவிரல் மரத்துப்போகும். சூடான நீர் லேசு, மேலே மிதக்கும். குளிர்ந்த நீர் கனம், அடியில் கிடக்கும். இரண்டும் லேசில் கலக்காது. 78 மீட்டர் அணையின் ஆழத்தில் இந்தக் குளிர்ந்த நீர் ஒரு கடலே இருக்கிறது. டர்பைனுக்குப் போவது அந்த அடித்தண்ணீர். அதனால் ஜூலை வெயிலிலும் கீழே ஆறு 10 டிகிரியை ஒட்டி ஓடுகிறது. ட்ரவுட்டுக்கு 10 முதல் 16 டிகிரி சொர்க்கம். 20-ஐத் தாண்டினால் திணறும், 25-ஐ ஒட்டினால் செத்து மிதக்கும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறைகிறது: 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் அளவுக்கு நிற்பது, 30 டிகிரியில் ஏழரைக்கு வந்துவிடும்.

மோர்தானாவின் உயரம் பதினொன்றரை மீட்டர். முழுக் கொள்ளளவு 261 மில்லியன் கன அடி. நம் வெயிலுக்கு அந்த ஆழம் எந்த மூலைக்கு? அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள் மதகுப் பக்கம் கையை விட்டுப் பாருங்கள். சோப்பு இருந்தால் துணி ஊறவைக்கலாம்.

"நீலகிரியில் இருக்கிறதே" என்று மனுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது. 1860-களிலேயே வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்திலிருந்து முட்டை கொண்டுவந்து முயன்று தோற்றார்கள். 1900-களின் தொடக்கத்தில் வில்சன் என்பவர் ரெயின்போ வகையை வைத்துத்தான் நிலைக்கச் செய்தார்; அவலாஞ்சியில் 1907-ல் பொரிப்பகம் வந்தது. அதெல்லாம் 2,000 மீட்டருக்கு மேலே, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்குகிற ஊர். நம் ஏலகிரியே 1,100 மீட்டரை ஒட்டித்தான். குடியாத்தத்தில் ட்ரவுட் விட்டால் அது ஒரே ஒரு கோடையைக்கூடப் பார்க்காது. அரசாங்கக் காசில் கருவாடு போடுவானேன்?

குளிர் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விஷயம், அங்கே ஆறு ஓடுகிறது. வருடம் முழுக்க. "தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை" என்று வேலூரைச் சொல்வார்கள். கோட்டைக் கோயிலுக்கு 1981-ல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். ஆற்றுக்குத்தான் இன்னும் விடியவில்லை. நம் கௌண்டின்யா எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஆந்திரக் காட்டில் மழை பிடித்தால் 2021 நவம்பர் மாதிரி கரையோர வீடுகளைத் தூக்கிக்கொண்டு போகும். இல்லையென்றால் மாதக்கணக்கில் மணலும் சீமைக்கருவேலமும், நடுவில் இரண்டு மூன்று மடு. கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வைகாசியில் வரும்போது ஆற்றைத் தரையாக நினைத்து நடக்கிறோம். ஆறு என்று யாருக்கும் ஞாபகமே வருவதில்லை.

இன்னொரு விஷயமும் நான் சொல்லாமல் விட்டது. ஒயிட் ரிவர் ட்ரவுட்டும் அந்த ஊர் மீன் அல்ல. ரெயின்போ அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்தது, பிரவுன் ஐரோப்பாவிலிருந்து போனது. அணை வருவதற்கு முன்னால் அது வெதுவெதுப்பான ஆறு; ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீனுக்குப் பேர்போனது. அணையின் குளிர்ந்த நீர் இறங்கியதும் கீழே பல மைலுக்கு அந்த மீன் ஒடுங்கிவிட்டது. அந்த இழப்புக்கு ஈடாகத்தான் ட்ரவுட் விட்டார்கள். அதற்கென்றே 1950-களில் நார்ஃபோர்க்கில் மத்திய அரசு ஒரு பொரிப்பகம் கட்டி, இன்றுவரை குஞ்சு விட்டுக்கொண்டிருக்கிறது. 1992-ல் பக்கத்திலேயே லிட்டில் ரெட் என்ற இன்னோர் அணைக்கீழ் ஆற்றில் 18 கிலோவுக்கு மேல் ஒரு பிரவுன் ட்ரவுட் மாட்டி உலக சாதனையானது. பிடித்தது ஒரு கிராம்கூட இல்லாத பொய் இரையில், நான்கு பவுண்டு தாங்கும் நரம்பில். சாதனையை அப்புறம் வேறு ஊர்க்காரர்கள் முறியடித்துவிட்டார்கள். அந்தப் படத்தைத்தான் நீங்கள் மனுவோடு இணைத்திருக்கிறீர்கள். அந்தப் படத்துக்குப் பின்னால், போன மீனுக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டிருக்கும் நஷ்டஈடு இருக்கிறது. நமக்கு அந்த மீன் இன்னும் போய்விடவில்லையே.

விராலைச் சொல்கிறேன்.

இனி எழுதப்போவது உங்களில் சிலருக்குக் கோபம் வரவைக்கும். போன புரட்டாசியில் நீங்கள் அனுப்பிய வீடியோவை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். மடுவின் ஓரம், தாமரை இலைகளுக்கு நடுவே ரப்பர் தவளை போய் விழுகிறது. இழுக்கிறீர்கள். தண்ணீர் வெடிக்கிறது. மூன்று கிலோ இருக்கும், நல்ல விரால். சிரிப்பும் கத்தலுமாக அதைத் தூக்கிக் காட்டுகிறீர்கள். நான் பார்த்தது அதை அல்ல. உங்கள் இடது முழங்கைக்குப் பின்னால், தவளை விழுந்த அதே இடத்தில், ஒரு தாம்பாளம் அகலத்துக்குத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கொதிக்கிற மாதிரி பொட்டுப் பொட்டாகத் துடித்துக்கொண்டிருந்தது. அது குஞ்சுக் கூட்டம். எங்கள் அப்பா அதைப் பார்ப்பு என்பார். சின்னதாக இருக்கும்வரை சிவந்தே இருக்கும். மூச்சு எடுக்க மொத்தமாக மேலே வரும், மொத்தமாக இறங்கும். தாயோ தகப்பனோ அடியிலேயே சுற்றிச் சுற்றிக் காவல் நிற்கும். அந்த நேரத்தில் விராலுக்குப் பசி பெரிசில்லை. குஞ்சுக்கு நடுவே தவளை விழுந்தால் கடித்துக் குதறும், அவ்வளவுதான். அதனால்தான் அவ்வளவு சுலபமாக மாட்டியது. காவல் போன பிறகு அந்தக் கூட்டம் ஒருநாள் தாங்கினால் அதிகம். ஜிலேபி மீன் தின்னும், கெளுத்தி தின்னும், கொக்கு தின்னும்.

உங்களைக் குற்றம் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. பள்ளிக்கூட நாளில் நெல்லூர்பேட்டை ஏரியில் இதே வேலையைத்தான் செய்தேன். ரப்பர் தவளை கிடையாது, உயிர்த்தவளை. மூங்கில் கழி, சோளத்தட்டை பெண்டில் தக்கை, பார்ப்பு எங்கே சிவந்து தெரிகிறது என்று கரையில் நின்று நோட்டம். ஒரு மழைக்காலத்தில் பதினோரு காவல் விரால் பிடித்துச் சந்தையில் விற்று ஒரு டைனமோ சைக்கிள் விளக்கு வாங்கினேன். பதினொன்று என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது. சில வருடம் கழித்து அதே கரையில் நாள் முழுக்க உட்கார்ந்தால் ஜிலேபிதான் வந்தது. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன் அது. அதையும் யாரோ நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்திருப்பார்கள்.

ஒயிட் ரிவரில் குளிர்காலத்தில் பிரவுன் ட்ரவுட் முட்டையிடும்போது, அணையை ஒட்டின பகுதியில் பிடித்ததையெல்லாம் விட்டுவிட வேண்டும். வழிகாட்டி வெளிறின சரளைக்கல் மேடு ஒன்றைக் காட்டி, அதன்மேல் கால் வைக்காதே, முட்டை இருக்கும் என்று என்னைச் சுற்றிக்கொண்டு நடக்கவைத்தார். பத்துக் கிலோ மீன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நான் அந்தச் சரளை மேட்டைத்தான் காட்டுவேன்.

விரால் எப்படிப்பட்ட மீன் என்று யோசித்துப் பாருங்கள். ட்ரவுட்டுக்குக் குளிர் வேண்டும், ஓட்டம் வேண்டும், ஆக்சிஜன் வேண்டும். கொஞ்சம் குறைந்தால் தாங்காது. விரால் காற்றையே குடிக்கும். ஏரி வற்றினால் சேற்றில் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். வேலூர் வெயிலுக்கும் வற்றின ஆற்றுக்கும் அளந்து தைத்த மாதிரி ஒரு மீன். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊட்டி மீனுக்கு மனு எழுதுகிறோம்.

சரி, மனுவே வேண்டாமா? வேண்டும். திருத்தி எழுதுங்கள், நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

முதலில் தண்ணீர். ஒயிட் ரிவரில் என்னைப் பிரமிக்க வைத்தது மீன் இல்லை, சங்கொலி. மத்தியானம் அணைப் பக்கமிருந்து சங்கு ஊதிற்று. வழிகாட்டி காலையிலேயே நீரோரத்தில் ஒரு கல்லைக் குறி வைத்திருந்தார். அது நனைந்ததும் கிளம்பு என்றார். அந்த அணையில் எட்டு டர்பைன். எது எப்போது ஓடும் என்று முந்தின நாளே ஃபோனில் தெரிந்துகொள்கிறார்கள். முழங்கால் அளவு நின்ற இடம் கொஞ்ச நேரத்தில் ஆள் மூழ்கும் ஆழமானது. இங்கேயும் அதைக் கேளுங்கள்: அணையில் திறக்கும் நாளும் அளவும் ஜிட்டப்பல்லி தடுப்பணையிலும் டவுன் பாலத்திலும் முன்கூட்டியே பலகையில் எழுதப்பட வேண்டும். மீனுக்காக மட்டுமில்லை. துணி துவைக்கிறவர்கள், மாடு குளிப்பாட்டுகிறவர்கள், உங்களை மாதிரி மணல்திட்டில் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறவர்கள் எல்லோருக்கும்.

இரண்டாவது, மடுக்கள். ஏரிக்கும் கால்வாய்க்கும் தண்ணீர் விடும்போது ஆற்றுக்கென்றும் ஒரு பங்கு இறங்கி, அந்த இரண்டு மூன்று மடுக்கள் சித்திரை வரை உயிரோடு இருக்க வேண்டும். பாசனக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்கிறீர்களா? வரட்டும், அவர்களோடு உட்கார்ந்துதான் பேச வேண்டும். என் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் அவர்கள்தான்.

மூன்றாவது, கரண்ட் வைத்துப் பிடிப்பதும் பிளீச்சிங் பவுடர் போடுவதும். வெடி போட்டும் விஷம் கலந்தும் மீன் பிடிக்கக் கூடாது என்று 1897-லேயே சட்டம் வந்துவிட்டது. யார் செய்கிறார்கள் என்று ஆளுக்கு ஆள் தெரியும். மனுவில் பேர் வேண்டாம், இடமும் நேரமும் போதும்.

நான்காவதை கலெக்டரிடம் கேட்க வேண்டியதில்லை, நீங்களே செய்யலாம். பார்ப்பு சிவந்து தெரிந்தால் அங்கே தவளை விழக்கூடாது. முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். கழற்றும்போது வாய் கிழியாது. தின்ன வேண்டுமா, கட்லாவும் ஜிலேபியும் எடுங்கள், நானும் சாப்பிடுகிறேன். ஜிலேபியை எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள்.

ஆசைப்பட்டு வாங்கின ஃப்ளை ராட் வீணாகிவிடுமே என்று உங்களில் ஒரு தம்பி கவலைப்பட்டான். ஏன் வீணாகிறது? முதல் மழை பெய்த மறுநாள் சாயங்காலம் ஈசல் கிளம்பும் பாருங்கள், விளக்குப் பக்கம் போகாமல் மடுவுக்குப் போங்கள். இறகு உதிர்ந்து ஈசல் தண்ணீரில் விழ விழ, கெண்டை மேலே வந்து சொட்டுச் சொட்டாக உறிஞ்சும். ஒயிட் ரிவர் வழிகாட்டி கல்லைப் புரட்டிக் காட்டினாரே, அதே பாடம். இங்கே கல்லைக்கூடப் புரட்ட வேண்டாம், வானத்திலிருந்து கொட்டுகிறது. எட்டாம் நம்பரை ஒட்டின முள், பழுப்பு நூல், சேவல் கழுத்து இறகில் இரண்டு கீற்று இறக்கையாக. போன வருடம் நான் கட்டினது பாதி ஈசலாகவும் பாதி கரப்பானாகவும் வந்தது. கெண்டை கண்டுகொள்ளவில்லை, நாலு மாட்டியது.

காட்டுப் பக்கம் இருட்டும்வரை நிற்காதீர்கள். கௌண்டின்யா சரணாலயத்து யானைக்கு மாநில எல்லை தெரியாது.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குத் திருத்தின மனுவோடு கிளம்பும்போது சொல்லுங்கள். கலெக்டர் ஆபீஸ் இருக்கும் சத்துவாச்சாரிக்கு நானும் வருகிறேன். பஸ் டிக்கெட் உங்கள் செலவு. கண்ணாடியை மறக்காமல் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
பதினோரு விரால் கடன்பட்ட ஒரு குடியாத்தத்துக்காரன்